பதினாலாம் நம்பர் அறையில் குழாய் ரிப்பேர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நகைச்சுவையைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. நகைச்சுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கேட்கிறவர் முகம் இறுகிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கே உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. எதிரே ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சிரித்தால் நீங்களும் சிரித்ததாக எடுத்துக்கொள்வேன். நகைச்சுவை வேண்டாம், ஒரு ஹோட்டலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஹோட்டல் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் சாம்பார் வாசனை வந்திருக்கும். நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். படுக்கிற இடம் லாட்ஜ். மாதக் கணக்கில் படுத்தால் அது திருவல்லிக்கேணி மேன்ஷன். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று போர்டு எழுதுவார்கள். கீழே காப்பி, மேலே கட்டில். நான் பேசப்போகும் ஹோட்டல் வெள்ளைக்காரர்கள் சொல்லும் ஹோட்டல். படுக்கவும் இடம் உண்டு, சாப்பாடும் போடுவார்கள். இரண்டையும் சுமாராகச் செய்வார்கள்.

அந்த ஹோட்டல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் இருந்தது. தொடரின் பெயரும் ஹோட்டலின் பெயரும் ஒன்றுதான்: 'ஃபால்ட்டி டவர்ஸ்'. முதலாளியின் குடும்பப் பெயர் ஃபால்ட்டி. ஃபால்ட் என்றால் கோளாறு என்பது கரண்டுக் கம்பம் ஏறுகிறவர் முதல் எல்லாருக்கும் தெரிந்த தமிழ் வார்த்தை ஆகிவிட்டது. ஆக, பெயரிலேயே கோளாறு. வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையில் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஓர் எழுத்து தொங்கும், அல்லது இடம் மாறி வேறு அர்த்தம் வரும். எழும்பூர்ப் பக்கம் ராத்திரியில் நடந்தவர்களுக்கு இது புதிதில்லை. நியான் விளக்கில் பாதி எழுத்து அணைந்துபோன லாட்ஜ் போர்டுகளைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே கற்றுக்கொண்டேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சென்னையில், அப்போது மெட்ராஸ், தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. வெள்ளிக்கிழமை. சரியாக ஐந்து வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 19, லண்டனில் பிபிசியின் இரண்டாவது சேனலில் இந்தத் தொடரின் முதல் பகுதி ஓடியது. நாம் தெருவுக்கு ஒரு டிவி இருந்த வீட்டின் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அங்கே இந்த ஹோட்டல் திறந்துவிட்டது. 1975-இல் ஆறு பகுதி. நாலு வருஷம் கழித்து, 1979-இல் இன்னும் ஆறு பகுதி. அவ்வளவுதான். மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் அரை மணி நேரம், சிலது கொஞ்சம் கூட. ஒரு நாள் லீவு போட்டால் மொத்தத்தையும் பார்த்துவிட்டுச் சாயந்திரம் கடைக்கும் போய்வரலாம்.

கதை என்ன? டார்கீ என்று இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில் ஒரு கடற்கரை ஊர். அங்கே பேசில் ஃபால்ட்டி என்று ஓர் ஆள் ஹோட்டல் நடத்துகிறார். நெட்டையான மனுஷன். அவருக்குத் தன் ஹோட்டலில் பிரபுக்களும் ராணுவ அதிகாரிகளும் தங்க வேண்டும் என்று ஆசை. வருவது என்னவோ சாதாரண ஜனங்கள். அவர்களை அவருக்குப் பிடிக்காது. வாடிக்கையாளர்கள் மட்டும் வராவிட்டால் ஹோட்டலை ரொம்ப நன்றாக நடத்தலாம் என்று நினைக்கிறவர். மனைவி சிபில். அந்த அம்மாதான் உண்மையில் ஹோட்டலை நடத்துகிறார். பாலி என்று ஒரு கெட்டிக்காரப் பெண் பரிமாறுகிறாள். ஸ்பெயின் நாட்டு பார்சலோனாவிலிருந்து வந்த சர்வர் மானுவெல். பேசிலாக நடித்தவர் ஜான் க்ளீஸ். அவரும் பாலியாக நடித்த கானி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். முதல் ஆறு எழுதும்போது இருவரும் கணவன் மனைவி. இரண்டாவது ஆறு வெளிவரும்போது விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் சேர்ந்தேதான் எழுதினார்கள். இதை நம் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இந்த பேசில் வெறும் கற்பனை இல்லை. 1970 மே மாதம் க்ளீஸும் அவருடைய நகைச்சுவைக் குழுவும், மான்ட்டி பைத்தன் என்று பெயர் பெற்ற குழு, படப்பிடிப்புக்காக டார்கீக்குப் போய் அங்கே ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். அதை நடத்தியவர் டொனால்ட் சின்க்ளேர், கப்பல் படையில் இருந்தவர். குழுவில் ஒருவர் அமெரிக்கர். அவர் முள்கரண்டியைப் பிடித்த விதம் சரியில்லை என்று சாப்பாட்டு மேஜையிலேயே சின்க்ளேர் கண்டித்தாராம். இன்னொருவருடைய பெட்டிக்குள் வெடிகுண்டு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அதைக் கொண்டுபோய்த் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாராம். மற்றவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். க்ளீஸ் மட்டும் போகவில்லை. மனைவியையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். எழுத்தாளன் புத்தி! திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, இந்த மனுஷனை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டார். சின்க்ளேரின் மனைவி பிற்காலத்தில், என் கணவரை இப்படிச் சித்திரித்தது நியாயமே இல்லை என்று வருத்தப்பட்டார். அந்த அம்மாள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஹோட்டல் நடத்துகிறவனின் கஷ்டம் தங்குகிறவனுக்கு என்ன தெரியும்?

அது எனக்குத் தெரியும். இங்கேதான் என் மாமா வருகிறார்.

என் அம்மாவின் தம்பி. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கச் சந்துகளில் ஒன்றில், இருபத்திரண்டு அறை உள்ள ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். லாட்ஜின் பெயர் வேண்டாம், அதன் வாரிசுகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அப்போது தெற்கிலிருந்து வரும் ரயிலெல்லாம் எழும்பூருக்குத்தானே வரும்? இறங்கியதும் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துகளுக்குள் நுழைவார்கள். ஹைகோர்ட்டில் கேஸ் உள்ளவர்கள், கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கோட்டையில் ஃபைல் நகராமல் அலைகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார். கோடை விடுமுறையில் நான் பகலெல்லாம் அந்த லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். பின்பக்கம் சாவி மாட்டும் பலகை. முன்பக்கம் தடிப் பதிவேடு. பெயர், ஊர், வந்த காரணம், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர் அதைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அந்த லாட்ஜின் முதலாளி மதுரைக்காரர். மாதம் ஒருமுறை பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருவார். எந்தத் தேதியில் வருவார் என்று சொல்ல மாட்டார். வந்து சோப்பு எண்ணுவார். சரியாகத்தான் சொல்கிறேன், சோப்பைத்தான். வில்லைச் சோப்பு எத்தனை வாங்கினாய், எத்தனை கொடுத்தாய், மீதி எங்கே என்று கேட்பார். அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு: பெட்டி இல்லாமல் தனியாக வரும் ஆளுக்கு அறை கிடையாது. இது அவர் மட்டும் வைத்த சட்டம் இல்லை, பல லாட்ஜுகளில் உண்டு. தனியாக, கையை வீசிக்கொண்டு வருகிறவன் எதற்காக வருகிறானோ என்று பயம். காலையில் கதவைத் தட்டினால் திறக்காமல் போய்விட்டால்? போலீஸ், கேஸ், பேப்பரில் லாட்ஜ் பெயர், எல்லாம் வரும். மேனேஜர்களுக்கெல்லாம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் அது.

1976 என்று நினைவு. நல்ல முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். லாட்ஜ் முழுக்கக் கல்யாணக் கூட்டம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையன் வந்து நின்றான். கையில் ஒரு மஞ்சப்பை, ஒரு ஃபைல். மாமாவின் சொந்த ஊர்ப் பையன், அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் மகன். மறுநாள் காலை மெடிக்கல் ரெப் வேலைக்கு இன்டர்வியூ. தனி ஆள். பெட்டி இல்லை. சட்டப்படி அறை கிடையாது. ஆனால் வாத்தியார் மகன் ஆயிற்றே! மாமா பதினாலாம் நம்பர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் என்ன எழுதுவது? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு எழுதினார்: 'நெ. 14. குழாய் ரிப்பேர். காலி.'

விடியற்காலை பாண்டியன் வந்தது. முதலாளியும் வந்தார்.

பதிவேட்டைப் புரட்டினார். "பதினாலில் என்ன குழாய்?" என்றார். மாமா, "பாத்ரூம் குழாய், ஒழுகுது" என்றார். "ஒழுகினா வாஷர் போட வேண்டியதுதானே, இதுக்கு ஒரு ரூமைக் காலியாப் போடுவாங்களா, முகூர்த்த நாளில்? வா, நான் பார்க்கறேன்." மாமா, "சாவி பிளம்பர்கிட்ட இருக்கு" என்றார். "பிளம்பர் எங்கே?" "உள்ளே வேலை பண்றார்." இது மூன்றாவது பொய். எண்ணிக்கொள்ளுங்கள். முதலாளி நேரே மாடிக்கு ஏறினார். பின்னால் மாமா, மாமா பின்னால் ரூம் பாய், அவனுக்குப் பின்னால் நான்.

கதவு உள்ளே தாழ். தட்டினார், பதில் இல்லை. பாவம், பையன் ராத்திரி ரெண்டு மணி வரை படித்துவிட்டு அசந்து தூங்குகிறான். முதலாளி மறுபடி தட்டினார். சத்தமே இல்லை. முதலாளியின் முகம் வெளிறியது. "பிளம்பருக்கு என்ன ஆச்சு? கரண்ட் கிரண்ட் அடிச்சிருச்சா?" என்றார். மாமா வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. எதிர் அறைக் கல்யாண வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உள்ளே பிளம்பர் மயக்கம் போட்டுட்டாராம்" என்று ஒரு பாட்டி எல்லாருக்கும் சொன்னார். கதவை உடைக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். ரூம் பாய் கடப்பாரை எடுக்க ஓடினான்.

அப்போது கதவு திறந்தது. தட்டின சத்தத்தில் விழித்த பையன், இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்டதென்று அரக்கப்பரக்க உடுத்திக்கொண்டிருக்கிறான். வெள்ளைச் சட்டை, பேன்ட், கழுத்தில் டை. கையில் ஃபைல். முதலாளி மேலும் கீழும் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி கேட்டார்: "குழாய் சரியாச்சா?"

அந்தப் பையன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். இன்டர்வியூவுக்குத் தயாராக இருந்தவன் இல்லையா, எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லும் மனநிலையில் இருந்தான். "ஆச்சு சார்" என்றான். முதலாளி பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கூலியாகக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ சார்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். போகிற வழியில் வரவேற்பு மேஜையில் அந்த ஐந்து ரூபாயைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் பல வருஷம், லாட்ஜில் எங்கே குழாய் ஒழுகினாலும் முதலாளி மதுரையிலிருந்து போன் போட்டு, "அந்த டை கட்டின பிளம்பரைக் கூப்பிடு, மரியாதை தெரிஞ்ச ஆள்" என்பார். மாமா ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்குப் போயிருக்கிறார், துபாய்க்குப் போய்விட்டார் என்று கடைசி வரை அந்த பிளம்பரைக் காப்பாற்றினார்.

தம்பி சிரிக்கிறார். நன்றி. ஆனால் இதை நான் எதற்காக இவ்வளவு நேரம் சொன்னேன் என்றால், இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சொல்வோம். மாமா மட்டும் சொல்லும்போது சிரிக்கவே மாட்டார். இருபது வருஷம் கழித்துச் சொன்னாலும் நெற்றியில் வியர்வை வரும். துண்டால் துடைத்துக்கொள்வார். அவருக்கு அது வேடிக்கை இல்லை. வேலை போயிருக்கும், குடியிருந்த அறையும் போயிருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நண்பர் லண்டனிலிருந்து வீடியோ கேசட் கொண்டுவந்தார். அதில்தான் முதல்முறை பேசிலைப் பார்த்தேன். பார்த்த பத்தாவது நிமிஷம், அட, நம்ம மாமா என்றேன். உயரம் வேறு, நிறம் வேறு, மாமா யாரையும் அதட்டியதும் கிடையாது. ஆனால் அந்த வியர்வை அதே வியர்வை.

ஒரு பகுதியைச் சொல்கிறேன். பேசில் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறார். சிபிலுக்குத் தெரியக்கூடாது, அந்த அம்மாள் தடை போட்டிருக்கிறார். குதிரை ஜெயித்துவிடுகிறது. 75 பவுன். இப்போது ஜெயித்த பணத்தை ஒளிக்க வேண்டும். மானுவெலிடம், யார் கேட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல் என்று பழக்கிவைக்கிறார். பணத்தை அங்கேயே தங்கியிருக்கும் வயதான ஒரு மேஜரிடம் கொடுத்துவைக்கிறார். மேஜருக்கு மறதி. அதே நேரத்தில், காது கேட்காத ஒரு கிழவி, பெரிய ரகளைக்காரி, தன் அறையில் வைத்த பணத்தைக் காணோம் என்று கத்துகிறாள். இப்போது பேசில் கையில் இருப்பது திருட்டுப் பணம் இல்லை, பந்தயப் பணம் என்று நிரூபிக்க ஒரு சாட்சி வேண்டும். சாட்சி மானுவெல்தான். சொல்லுடா, இந்தப் பணம் எனக்கு எப்படி வந்தது என்று கெஞ்சுகிறார். மானுவெல் நெஞ்சை நிமிர்த்திப் பெருமையோடு சொல்கிறான்: எனக்கு ஒன்றும் தெரியாது!

கவனியுங்கள், அவன் தப்பே செய்யவில்லை. முதலாளி சொன்னதை அப்படியே செய்தான். பையன் "ஆச்சு சார்" என்ற மாதிரிதான். ஒரு சின்னப் பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதற்கு முட்டுக்கொடுக்க மூன்றாவது. இதற்கு ஹோட்டலைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டில் பொய் சொன்னால் ஒரு குடும்பத்துக்குச் சொன்னால் போதும். ஹோட்டலில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் அந்நியர் இருக்கிறார், எந்நேரமும் யாராவது மேஜைக்கு வந்து மணியடிக்கலாம். ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு பேச வேண்டும்.

மானுவெல் பெயரை எடுத்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மொழி தெரியாத வேலைக்காரனைக் கேலி செய்கிறார்களே என்று சிலருக்கு இந்தத் தொடர் மேல் கோபம் உண்டு. பேசில் அவனை அடிப்பதைப் பார்க்க எனக்கும் சங்கடம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் தொடரை நன்றாகப் பார்த்தால், ஸ்பானிஷ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு தெரியாமல் உளறுகிறவர் பேசில். மானுவெலாவது கற்றுக்கொள்கிறான். ஸ்பெயினில் இதை ஒளிபரப்பியபோது மானுவெலை இத்தாலிக்காரனாக மாற்றிவிட்டார்கள், பெயர் பாவ்லோ! நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரரும் இல்லை. பெர்லினில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் சிறுவனாகக் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர்.

எங்கள் தெருமுனை ஹோட்டலில், இட்லி ஹோட்டலைத்தான் சொல்கிறேன், போன வருஷம் வடக்கே இருந்து ஒரு பையன் புதிதாக வேலைக்கு வந்தான். எனக்கு வங்கியில் கற்ற இந்தி கொஞ்சம் உண்டு. அதைக் காட்டலாம் என்று, "தோ இட்லி, ஏக் வடை, சாம்பார் அலக்" என்றேன். அவன் பணிவாகக் கேட்டான்: "வடையை சாம்பார்ல போடவா, தனியா வேணுமா சார்?" பக்கத்து மேஜைக்காரர் காப்பியைத் துப்பிவிட்டார். அந்த நிமிஷம் நான்தான் பேசில்.

சரி, கடிகாரம் ஓடுகிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன், என் வீட்டில் எல்லாரும் கேட்டுச் சலித்த விஷயம். பன்னிரண்டு பகுதி! நம் மெகா தொடர்கள் ஆயிரத்தைத் தாண்டிப் போகின்றன. அதில் ஒரு மாமியார் ஒரு டம்ளரைக் கீழே வைக்கவே மூன்று நாள் ஆகிறது. இவர்கள் பன்னிரண்டோடு ஏன் நிறுத்தினார்கள்? ஒரு பகுதியை எழுத ஆறு வாரம் ஆனது என்று க்ளீஸ் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரத்துக்கு ஆறு வாரம். அதற்கு மேல் எழுதினால் தரம் குறையும் என்று தெரிந்து எழுந்து போய்விட்டார்கள். பந்தியில் வயிறு நிறையும் முன்னால் எழுந்துகொள்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாவது பகுதியும் நேரத்துக்கு வரவில்லை. பிபிசியில் வேலைநிறுத்தம். மார்ச்சில் பதினோராவது முடிந்து, கடைசிப் பகுதிக்கு ஜனங்கள் 1979 அக்டோபர் 25 வரை காத்திருந்தார்கள். அதில் கதை என்ன தெரியுமா? சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிற நேரம் பார்த்து மானுவெல் வளர்க்கும் எலி ஹோட்டலுக்குள் ஓடிவிடுகிறது. தொடர் வருவதற்கு முன்னாலேயே, இது தேறாது, வெறும் அரைத்த மாவு, படுதோல்விதான் என்று பிபிசிக்குள்ளேயே ஒருவர் குறிப்பு எழுதிவைத்தார். 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தொலைக்காட்சித் துறையினரிடம் வாக்கெடுத்தபோது, பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளிலேயே முதலிடம் இதற்குத்தான்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான், மாமா நேரத்தைத் தின்றுவிட்டார். அமெரிக்கர்கள் இந்த ஹோட்டலை மூன்று முறை கட்டிப் பார்த்தார்கள். 1978-இல் ஒரு முன்னோட்டம், அதோடு சரி. 1983-இல் 'அமாண்டாஸ்' என்று ஒரு தொடர். பிப்ரவரியில் ஆரம்பித்து மே மாதம் மூடிவிட்டார்கள். பீ ஆர்தர் என்ற பெரிய நடிகை. குரல் ஒன்றே போதும், வானொலிக்கே பிறந்த குரல். பின்னாளில் 'கோல்டன் கேர்ள்ஸ்' தொடரில் உலகப்புகழ் பெற்றவர். அவர்தான் முதலாளி அமாண்டா. கணவர் இல்லை. கூட மகன், மருமகள், மொழி தடுமாறும் உதவியாள். கடற்கரை, கடன், எல்லாம் உண்டு.

க்ளீஸ் ஒரு கதை சொல்வார். இந்தத் தொடரைத் தயாரிக்கிறவர்களை ஒரு விருந்தில் சந்தித்தாராம். என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டாராம். பெரிதாக ஒன்றுமில்லை, பேசில் பாத்திரத்தை மட்டும் எடுத்துவிட்டோம் என்றார்களாம்! உலகம் பூராவும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு இதில் ஒரு சின்ன மறுப்பு உண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கேசட் நம் ஊர் வீடியோ பெட்டியில் ஓடாது, அவர்கள் முறை வேறு, நம் முறை வேறு. அதனால் அமாண்டாவை நான் பல வருஷம் கழித்து, கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். பார்த்தால், கத்துவதும் குத்தலாகப் பேசுவதும் அங்கே இருக்கிறது, பீ ஆர்தர் பிரமாதமாகச் செய்கிறார். இல்லாதது சிபில். அமாண்டாவே முதலாளி. வருகிறவனை நேருக்கு நேர் வெட்டிப் பேசுகிறார். பேங்க்காரனிடமும் அப்படியே. பயப்பட ஆளே இல்லை. பயம் இல்லாதவர் எதற்குப் பொய் சொல்வார்? 'குழாய் ரிப்பேர்' என்று எதற்கு எழுதுவார்? மதுரையிலிருந்து யாரும் வரப்போவதில்லையே.

பேசில் கத்துவதால் நாம் சிரிக்கவில்லை. மேலே கத்திக்கொண்டு உள்ளே நடுங்குகிறார், அதனால் சிரிக்கிறோம். திரும்பவும் சொல்கிறேன், மேலே கத்தல், உள்ளே நடுக்கம். ரேடியோவில் எதையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். தாளிக்கிற சத்தத்தில் ஒரு தடவை விட்டுப்போய்விடுமாம்.

தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிஷம்.

மூன்றாவது அமெரிக்க முயற்சி 'பெய்ன்', 1999. மார்ச்சில் வந்தது, ஏப்ரலில் போய்விட்டது. அதில் கணவனும் உண்டு, மனைவியும் உண்டு, ஆனாலும் எடுபடவில்லை. அது ஏன் என்பதற்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அதை மடித்துப் பையில் வைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். தொண்ணூறுகளில் எங்கள் வங்கி நாடகக் குழுவுக்காக நான் மாமாவின் கதையை நாடகமாக எழுதினேன். அமெரிக்கர்களைக் குறை சொல்கிறேனே, நானும் அதையே செய்தேன். மேடையில் மேனேஜர் அசட்டுத்தனமாக நிற்கக்கூடாது என்று அவரைச் சூரனாக்கிவிட்டேன். முதலாளியை மடக்கி மடக்கிப் பேசுவார். பஞ்ச் டயலாக் எல்லாம் உண்டு. கைதட்டல்கூட ஓரிரண்டு இடத்தில் வந்தது. இரண்டே காட்சிதான் நடந்தது. மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் மேக்கப் அறைக்கு வந்தார். நல்லா இருந்ததா மாமா என்றேன். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருந்தது. நான் எங்கடா அவர்கிட்ட அப்படிப் பேசினேன்? அப்புறம், அந்தப் பையன் மேஜையில வெச்சுட்டுப் போனானே அஞ்சு ரூபாய், அதை ஏன்டா விட்டுட்டே?" என்றார்.

விட்டுத்தான்விட்டேன். காட்சி நீளமாகிறது என்று வெட்டிவிட்டேன்.

விரலை மடக்கிவிட்டார் தம்பி. வணக்கம்.